மின்னும் சொற்களும் மூக்குச் சொற்களும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனம் லேசானது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன் சோம்பல் எனக்குத் தெரியாததா? இங்கே எல்லோரும் நலம். மகன் வேலை மாறி வெளியூர் போய்விட்டதால் வீடு கொஞ்சம் வெறிச்சென்று கிடக்கிறது. எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. அகராதியின் பொடி எழுத்து மறுபடியும் தெளிவாகத் தெரிகிறது. அதனால் உன் பேத்தியின் கேள்வி நல்ல நேரத்தில்தான் வந்து சேர்ந்தது.

ஜி-எல் என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களெல்லாம் ஏன் மின்னுகின்றன என்று கேட்டிருக்கிறாள். தேர்வுக்காகச் சொற்பட்டியலை உருப்போடுகிற பிள்ளைக்கு இப்படித் தோன்றியதே பெரிய விஷயம். அவள் சொல்வது சரிதான். க்ளோ என்றால் கனன்று ஒளிர்வது, க்ளிட்டர் மினுமினுப்பு, க்ளிம்மர் மங்கலாக மினுங்குவது, க்ளின்ட் சட்டென்று ஒரு பளிச், க்ளேர் கண்ணைக் கூசவைப்பது. கண்ணாடியைக் குறிக்கும் கிளாஸும் இந்தக் கூட்டம்தான். 'மஞ்சள்', 'பளபளப்பு' என்று பொருள்பட்ட ஒரு தொல்வேரிலிருந்து இவற்றில் பல கிளைத்தன என்கிறார்கள் அறிஞர்கள். கோல்டும் யெல்லோவும்கூட அதே வேர்தான். இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கிளாட். இன்று அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் 'ஒளிர்கிற' என்ற பொருளும் இருந்தது. மகிழ்ந்தவன் முகத்தைப் பார்த்துத்தான் பொருள் நகர்ந்திருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் பசையைக் குறிக்கும் க்ளூவும் உருண்டையைக் குறிக்கும் குளோபும் மின்னுவதில்லை. இரண்டும் லத்தீன் வழி வந்தவை. கையுறையைக் குறிக்கும் க்ளவ் சுத்தமான ஆங்கிலச் சொல், அதுவும் மின்னாது. ஆகவே இதை விதி என்று பேத்தியிடம் சொல்லிவிடாதே. சாய்வு என்று சொல்.

எஸ்-என் கூட்டம் இதைவிடச் சுவையானது. ஸ்நோர் குறட்டை, ஸ்நிஃப் மோப்பம், ஸ்நவுட் விலங்கின் மூஞ்சி, ஸ்நாட் சளி, ஸ்நார்ட் செருமல், ஸ்நீர் மூக்கைச் சுளித்து ஏளனம் செய்வது. எல்லாம் மூக்கைச் சுற்றியே வருகின்றன. தும்மலைக் குறிக்கும் ஸ்நீஸ் மட்டும் இங்கே பிறந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் அது எஃப்-என் என்று தொடங்கியது. அந்தத் தொடக்கமே பிற்பாடு மொழியிலிருந்து மறைந்துபோக, தும்மல் அநாதையாக நின்று, மூக்குச் சொற்களின் வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாக வந்துவிட்டது. பிறந்த வீடு வேறாக இருந்தாலும் பொருள் ஒத்துப்போனால் எழுத்தையும் மாற்றிக்கொள்கிறது சொல்! உறவினால் ஒரே எழுத்தில் தொடங்குகிறவை உண்டு, பழக்கத்தால் வந்து சேர்ந்துகொள்கிறவையும் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. நம்மிடமும் மூக்கு, மூச்சு, மோப்பம், முகர்தல் என்று ஒரு வரிசை இருக்கிறதே, கவனித்தாயா? ஆங்கிலத்தில் ந, நமக்கு ம. இரண்டுமே மெல்லினம், மூக்கு வழி வருகிற ஒலி.

இப்படிப் பொருளைச் சுமக்கிற தொடக்க ஒலிகளுக்கு 1930இல் ஜே. ஆர். ஃபெர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 'ஃபோனஸ்தீம்' என்று பெயரிட்டார். கவனித்தவர்கள் அவருக்கு முன்பே உண்டு. 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், டபிள்யூ-ஆர் என்று தொடங்குபவை முறுக்கலையும் கோணலையும் சுட்டுகின்றன என்று குறித்திருக்கிறார். கணக்கில் முடிவிலிக் குறியை அறிமுகம் செய்த அதே வாலிஸ்தான். அவர் சொன்னதைச் சோதித்துப் பார்: ரிஸ்ட் திருகும் மணிக்கட்டு, ரிங் துணியைப் பிழிவது, ரெஞ்ச் முறுக்கித் திருகுவது, ரீத் வளைத்துக் கட்டிய மலர்வளையம், ரிங்கிள் சுருக்கம். பிழையைக் குறிக்கும் ராங்கும் முதலில் வளைந்தது, கோணியது என்ற பொருளில் இருந்ததுதான். நேராக இருப்பதை நேர்மை என்றும், வளைந்ததைக் கோட்டம் என்றும் நாம் சொல்வதும் இதே நினைப்புத்தான்.

உன் முழங்காலையும் விட்டுவைக்கவில்லை. முழங்காலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'நீ' கே-என் என்று தொடங்குகிறது. விரல்முட்டு, குமிழ், முடிச்சு, சிறு குன்று எல்லாவற்றுக்கும் அதே தொடக்கம். எல்லாம் முட்டிக்கொண்டு நிற்பவை. அந்தக் கே இன்று ஊமை, ஆனால் 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வாயடைத்துப்போயிற்று. ஜெர்மானியர் இன்றும் முழங்காலை 'க்னீ' என்றே சொல்கிறார்கள்.

டூ என்ற இரண்டில் ஒலிக்காத டபிள்யூ எதற்கு என்று அந்தக் காலத்தில் நம் வாத்தியாரிடம் கேட்டு உதை வாங்கியவன் நீ. பதில் இப்போது சொல்கிறேன். ட்வின், ட்வைஸ், ட்வென்டி எல்லாவற்றிலும் ஒலிக்கும் டபிள்யூ அதுதான். ட்வெல்வ் என்றால் 'பத்துக்கு மேல் இரண்டு மிச்சம்'. குருவி கத்தும் ட்வீட்டுக்கும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை, அது வெறும் ஒலிக்குறிப்பு.

இலக்கணம் படித்த உனக்கு அடுத்தது பிடிக்கும். அ, இ சுட்டு, எ வினா. ஆங்கிலத்திலும் டி-எச் சுட்டு; டபிள்யூ-எச் வினா. நம் அங்கே, எங்கே போலத்தான் அவர்களுடைய 'தேர்', 'வேர்'. பழைய ஆங்கிலத்தில் வினாச்சொற்கள் எச்-டபிள்யூ என்றே எழுதப்பட்டன. பின்னால் வந்த எழுத்தர்கள் வரிசையைத் திருப்பிவிட்டார்கள். லத்தீனில் இவற்றின் பங்காளிகள் க்யூ-யூ என்று தொடங்கும். இன்னொரு நுணுக்கம்: திங்க், தின் என்பவற்றில் டி-எச் 'பத்து' என்ற சொல்லின் த போல அதிர்வில்லாமல் வருகிறது. தட், திஸ், தென் என்ற சுட்டுகளிலோ கிட்டத்தட்ட 'பந்து' என்பதன் த. சொல்லின் தொடக்கத்தில் இந்த அதிரும் ஒலி அநேகமாக இத்தகைய இலக்கணச் சொற்களுக்கே உரியது. ஆங்கிலேயன் இதை யோசித்துச் செய்வதில்லை, பேச்சில் தானாகவே வந்துவிடுகிறது.

இனி ஒரு எச்சரிக்கை. ஓட்டத்தைக் குறிக்கும் ஃப்ளோவும் திரவத்தைக் குறிக்கும் ஃப்ளூயிடும் எஃப்-எல்லில் தொடங்குகின்றன, பொருளும் ஒட்டி நிற்கிறது. ஆனாலும் இரண்டும் உறவே இல்லை. முன்னது ஜெர்மானிய வழி, அதன் எஃப் பழங்காலத்தில் ப-வாக இருந்தது. பின்னது லத்தீன், வேறு வேரிலிருந்து வந்தது. படித்தவர்களையே ஏமாற்றுகிற இரட்டை இது. அதனால்தான், ஒலி ஒத்த ஆங்கிலச் சொல்லையெல்லாம் தமிழிலிருந்து போனது என்று போனில் அனுப்பிவைக்கும் நம் நண்பர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. எயிட் நம் எட்டிலிருந்து வந்ததாம்! நம் எட்டு, எண்பது, எண்ணூறு என்று எண்-ணோடு ஒட்டுகிறது. அவர்கள் எயிட்டோ லத்தீன் ஆக்டோவோடும் வடமொழி அஷ்டத்தோடும் ஒட்டுகிறது. தமிழுக்குச் சேர்க்க நிஜமான பெருமை ஏராளம் இருக்க, இந்தப் பொய்க்கணக்கு எதற்கு? 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியர் அடக்கமாகச் சொல்லிவைத்திருக்கிறார். சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் விளங்கிவிடாது என்கிறார்.

அதற்காகப் பேத்தியை அதைரியப்படுத்திவிடாதே. 2004இல் பெஞ்சமின் பெர்கன் என்ற மொழியியலாளர் செய்த சோதனையில், க்ளிட்டர் போன்ற ஒன்றைப் பார்த்தபின் க்ளோ போன்ற இனத்துச் சொல்லை மக்கள் சற்று விரைவாக அடையாளம் கண்டார்கள். எழுத்து மட்டும் ஒத்த, அல்லது பொருள் மட்டும் ஒத்த இணைகளில் அந்த அளவு வேகம் இல்லை. இந்தக் கூட்டங்கள் மனத்துக்குள் நிஜமாகவே இருக்கின்றன. மனப்பாடத்துக்கு அவள் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்- என்ற முன்னொட்டில் மட்டும் கவனம்: அதற்கு எப்போதும் 'இல்லை' என்றே பொருள் என்று நினைத்து, இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று எழுதிவைத்துவிடுவாள், தீப்பிடிப்பது என்றே பொருள்.

அடுத்து அவளை எஸ்-கே, எஸ்-எச் பட்டியல்கள் போடச் சொல். ஸ்கர்ட்டும் ஷர்ட்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். முன்னது ஸ்காண்டிநேவியாக்காரர்கள் கொண்டுவந்தது, பின்னது உள்ளூர். ஸ்கை, ஸ்கின், ஸ்கில் எல்லாமும் அவர்கள் கொடைதான். வேறென்ன அகப்படுகிறது என்று தேடி எழுதச் சொல், சரிபார்த்து அனுப்புகிறேன். முழங்கால் நன்றாகத் தேறியதும் இங்கே வந்து நாலு நாள் தங்கு. மகனின் அறை காலியாகத்தான் இருக்கிறது.

உன் பழைய பெஞ்சுத் தோழன்