லீலோவின் அக்கா ஏன் ஊரைவிட்டுப் போனாள்?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் ப்ளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது, ஆனாலும் நீ அவ்வளவு எழுதியிருந்தாயே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, டிஸ்னி இப்போது நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுத்த புது 'லீலோ அண்ட் ஸ்டிட்ச்' பார்த்துவிட்டேன். அப்பா அம்மா இல்லாத குட்டி லீலோவை ஹவாய்த் தீவில் அக்கா நானி வளர்க்க, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஸ்டிட்ச் அவர்களோடு ஒட்டிக்கொள்ளும் அதே கதைதான். 2002-ல் வந்த பழைய அனிமேஷன் படத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இந்த முறை நிஜமான ஹவாய் முகம், நிஜமான ஹவாய் கடற்கரை, அப்புறம் என்ன குறை என்று கேட்டிருந்தாய். அதில் பாதி எனக்கும் சம்மதம். லீலோவாக வரும் மாயா கெயலோஹா ஹவாய்க் குழந்தை, என்ன அழகாகச் செய்திருக்கிறாள்! 2002 படத்தில் அக்கா நானிக்குக் குரல் கொடுத்த டியா கரேரே இதில் சமூக நல அதிகாரியாக வருகிறார். திரைக்கதை எழுதிய இருவரில் கிறிஸ் கெகானியோகலானி ப்ரைட் ஹவாய்க்காரர். நானியாக நடித்த பெண் ஹவாய்ப் பூர்வகுடிப் பெண்ணுக்கு வேண்டிய அளவு கறுப்பாக இல்லை என்று ஒரு சண்டை நடந்தது, அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய படத்தை எழுதி இயக்கிய கிறிஸ் சாண்டர்ஸ், டீன் டெப்லோய் இருவருமே வெளியாட்கள். அப்படிப் பார்த்தால் புதுப் படம்தான் அந்த மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். எனக்கென்னவோ பழையதுதான் ஒட்டியிருப்பதாகப் படுகிறது.

காரணம் முடிவுதான். புதுப் படத்தில் லீலோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இன்சூரன்ஸ் இல்லை, வளர்க்கும் உரிமையை அரசாங்கத்திடம் விட்டுக்கொடுத்தால் பில்லை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அதிகாரி சொல்கிறார். நானி கையெழுத்துப் போடுகிறாள். கடைசியில் தங்கையைப் பக்கத்து வீட்டு டூட்டூ பாட்டி வளர்க்க, நானி கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்கக் கலிஃபோர்னியா போய்விடுகிறாள். படம் இதைச் சந்தோஷமான முடிவாகக் காட்டுகிறது, நினைத்தபோது வந்து போக வேற்றுக்கிரகத்துக் கருவி ஒன்றையும் கையில் கொடுத்துவிடுகிறது. ஏன் வசந்தி, கடலைப் படிக்க ஹவாயைவிட்டு ஏன் போக வேண்டும்? ஹவாய்ப் பல்கலைக்கழகம் அந்தப் படிப்புக்கே பேர் போனது.

யாரையும் கைவிடக் கூடாது என்பதுதான் பழைய படத்தின் உயிர். தங்கையை நாளைக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்று தெரிந்த இரவில், நானி அவளை மரத்தில் கட்டிய வலை ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 'அலோஹா ஓய்' பாடுவாளே, ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதியவர் லிலியுவோகலானி, ஹவாயின் கடைசி ராணி. 1893-ல் அவரை அரியணையிலிருந்து இறக்கினார்கள், 1898-ல் அந்தத் தீவுகளை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. படம் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா தங்கையிடம் விடைபெற அந்தப் பாட்டை எடுத்தாள், அது போதும். அங்கே அரசுப் பராமரிப்புக்குப் போகும் குழந்தைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு, கதவைத் தட்டும் அதிகாரி எவ்வளவு பெரிய பயம் என்று புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 கணக்கெடுப்பின்படி ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கும் மேலானவர்கள் இப்போது ஹவாய்க்கு வெளியேதான் வாழ்கிறார்கள். வீட்டு விலையும் வாடகையும் அவர்களைத் துரத்துகிறது. ஹவாயின் பெரிய தீவுகள் எட்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் அவ்வளவு பேர் குடியேறிவிட்டதால் அதை ஒன்பதாம் தீவு என்றே சொல்கிறார்கள். இந்த நிலையில் ஊரைவிட்டுப் போவதை முன்னேற்றம் என்று காட்டினால் அங்கே இருப்பவர்களுக்குச் சுருக்கென்று குத்தாதா?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அக்கா என்பதற்காக ஒரு சின்னப் பெண் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பாய். அது நியாயமான கேள்வி, அதற்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். உறவினரோ நெருங்கியவர்களோ குழந்தையைத் தங்கள் பிள்ளையாக எடுத்து வளர்க்கும் ஹானாய் என்ற பழைய வழக்கமும் ஹவாயில் உண்டு, டூட்டூ செய்வது அதுதான் என்று சொல்லலாம். அப்படியென்றால் அதை அந்தக் குடும்பமே கூடி எடுத்த முடிவாகக் காட்டியிருக்கலாமே? ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயந்து கையெழுத்துப் போட வைத்துவிட்டு, பிறகு அதற்குப் பாசத்தின் சாயம் பூசியதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆண் வேடமிட்டுப் போருக்குப் போன சீனத்துப் பெண்ணின் கதையான 'மூலான்', 2020-ல் டிஸ்னி நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தது, அதிலும் இதுதான் நடந்தது: முகங்கள் சரி, கதையின் உயிர் போய்விட்டது. நடிகர்கள் பெரும்பாலும் கிழக்காசிய முகங்கள். ஆனால் வட சீனத்துக் கதையின் நாயகியைத் தெற்கே ஃபூஜியனில் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த வட்ட மண்கோட்டை வீட்டில் குடிவைத்துவிட்டார்கள். அதையாவது மன்னிக்கலாம். பழைய சீனப் பாடலில் மூலான் தறியில் உட்கார்ந்து பெருமூச்சுவிடும் ஒரு சாதாரணப் பெண், அப்பாவின் பெயர் படைக்கு ஆள் எடுக்கும் ஓலையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பதில் தானே போருக்குப் போகக் குதிரை வாங்கக் கிளம்புகிறாள். படத்தில் அவள் பிறவியிலேயே அதிசய சக்தி உள்ளவள். சாதாரணப் பெண் துணிந்து கிளம்பியதால்தானே இத்தனை நூற்றாண்டாக அந்தப் பாடலைப் பாடினார்கள்?

எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. பசிபிக் தீவுப் பெண் ஒருத்தியைப் பற்றிய 'மோவானா' என்ற டிஸ்னி அனிமேஷன் படத்தை அந்தக் கடல் தீவுகளின் மொழிகளான தஹிதியிலும் மாவோரியிலும் பேச வைத்தார்கள், 2018-ல் ஹவாய் மொழியிலும் வந்தது. புதிதாக ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. அந்தத் தீவுகளின் குழந்தைகள் தங்கள் மொழியில் கேட்டார்கள்.

உன் மகள் புதுப் படம் பார்த்துவிட்டு அழுதாள் என்று எழுதியிருந்தாயே, எந்த இடத்தில் என்று கேட்டு எழுது. பழையதை இன்னும் பார்க்கவில்லையென்றால் அவளுக்குப் போட்டுக் காட்டு. மே மாதம் பையன் பரீட்சை எல்லாம் முடிந்துவிடும், நாங்கள் திருச்சிக்கே வருகிறோம், அம்மாவையும் பார்த்த மாதிரி ஆகும்.

அன்புடன்,
மீனா