பழைய கார் வாங்குவோர் கூலிங் சிஸ்டத்தையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோருக்கு நாளிதழ்களில் வரும் ஆலோசனைகளில் பெயிண்ட், டயர், ஓடிய கிலோமீட்டர், ஆவணங்கள் என எல்லாம் இடம்பெறுகின்றன. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலிங் சிஸ்டத்தை மட்டும் ‘ரேடியேட்டரில் ஒழுகல் இருக்கிறதா பாருங்கள்’ என்ற ஒற்றை வரியில் கடந்துவிடுகிறார்கள். இது போதவே போதாது. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் ஒருமுறை அளவு மீறிச் சூடேறினாலே வளைந்துவிடலாம். அதோடு ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டும் போகும். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் சமன்படுத்தி, மறுபடி பூட்டும் செலவு காரின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். சில மணி நேரம் ஒதுக்கினால் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் நிபந்தனை, எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவது நல்லது. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் தளர்த்திய கணமே ஆவியாகி முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரேடியேட்டரில் மூடி இல்லாத கார்களில், அழுத்த மூடி கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கின் மேல் இருக்கும். கூலன்ட் பச்சையா, சிவப்பா, நீலமா என்பது முக்கியமில்லை. நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தெளிவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. துருப்பிடித்த பழுப்பு நிறம் என்றால் ஆண்டுக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட எஞ்சினில் பிளாக்கின் நீர்ப்பாதையில் துருவும் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிவும் சேர்ந்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ பழுப்பு வெண்ணெய் போன்ற பசை ஒட்டியிருந்தாலோ எஞ்சின் ஆயிலும் கூலன்டும் கலக்கின்றன என்று பொருள். ஆட்டோமேட்டிக் காரில் பசை இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்திருக்கலாம். அப்போது கியர் பாக்ஸும் கெட்டிருக்கும் வாய்ப்பு உண்டு.

கூலன்ட் புத்தம் புதிதாகப் பளபளத்து, மூடியின் அடியிலும் டேங்கின் உட்சுவரிலும் துருக்கறை படிந்திருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. விற்பதற்காக மாற்றியிருக்கிறார்கள். ஒழுகலை அடைக்கும் பொடி போட்டிருந்தால் டேங்கின் அடியில் மின்னும் துகள்களோ பழுப்புச் சேறோ தங்கியிருக்கும். அந்தப் பொடி ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை, ரேடியேட்டர் குழாய்களையும், காருக்குள் சூடான காற்றுத் தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரையும் சேர்த்தே அடைத்துவிடும்.

அடுத்து ஆயில் மூடியையும், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரம் அப்படிச் சேரும். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பால் கலந்ததுபோல் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எண் பொறித்திருக்கும். அது மூடி தாங்கும் அழுத்தம், ஏறத்தாழ ‘பார்’ என்ற அலகில். ஒரு பார் அழுத்தம் தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்தும். ரப்பர் வெடித்த மூடி அந்தப் பாதுகாப்பை முழுக்கப் பறித்துவிடும். ஹோஸ்களை அழுத்திப் பார்த்தால் உறுதியாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்க வேண்டும். கிளாம்ப் அருகே வீங்கியதும், கொழகொழவென்று இருப்பதும், நொறுங்குவதும் மாற்ற வேண்டியவை. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருந்தால் அங்கே ஒழுகுகிறது. கீழ்ப்பகுதித் தகடுகளை விரலால் லேசாகத் தொட்டாலே உதிர்ந்தால் ரேடியேட்டரின் ஆயுள் முடிந்தது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து வழிந்து காய்ந்த தடம் இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. பம்பை டைமிங் பெல்ட் சுழற்றும் எஞ்சின் என்றால் பெல்ட் செட்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இனி ஸ்டார்ட் செய்யுங்கள். ஏமாற்று வேலைகள் வெளிப்படும் கட்டம் இதுதான். சாவியைப் போட்டதுமே, ஏசி அணைந்திருக்க, ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால் சென்சாரைத் தவிர்த்து ‘டைரக்ட்’ கனெக்ஷன் கொடுத்திருக்கிறார்கள், அல்லது சென்சார் செத்திருக்கிறது. ‘டைரக்ட்’ கனெக்ஷன் என்றால் அது பழுதை மறைக்கும் ஒட்டுவேலைதான். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்திருக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு பழக்கம். நல்ல தெர்மோஸ்டாட் பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை மேல் ஹோஸ் அவ்வளவாகச் சூடாகாது, திறந்ததும் சட்டென்று சூடாகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே இரண்டு ஹோஸும் மெல்ல மெல்லச் சேர்ந்து சூடாகி, கால் மணி நேரம் ஓட்டியும் டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் நடுப்பகுதிக்கு வரவில்லை என்றால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். ‘கூலாக ஓடுவதற்காக’ என்ற பதிலை ஏற்காதீர்கள். எஞ்சின் சூடேறியதால்தான் கழற்றியிருப்பார்கள்.

ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, எஞ்சின் இன்னும் சூடாகாத நிலையில், மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு ஹெட் கேஸ்கெட் வழியாக நீர்ப்பாதைக்குள் புகுகிறது. மூடியைத் திறந்துவைத்தே ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் குமிழிகளாகவும் தெரியும். முதலில் வரும் சில குமிழிகள் அடைபட்ட காற்றாக இருக்கலாம். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க நிற்காமல் வருவதுதான் கேஸ்கெட் கோளாறு. சூடேறும் முன்பே மூடியை மூடிவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது குறைந்தது அரை மணி நேரம் ஏசி போட்டு ஓட்டுங்கள். வேகமாகவும் ஓட்ட வேண்டும், பிறகு காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் 15 நிமிடம் ஐடிலிலும் விட வேண்டும். நின்றிருக்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன், ரிலே, அல்லது ரேடியேட்டர் முன்னால் அடைந்த மண் காரணமாக இருக்கும். வேகத்தில், மேட்டில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு அல்லது பம்ப் தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். இரண்டாவதுதான் செலவு அதிகம் வைக்கும்.

டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பக் கூடாது. பல கார்களில் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரும்போது நிலைமை முற்றியிருக்கும். ஓபிடி சாக்கெட் (எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்கும் இணைப்பு) உள்ள காரில் சிறிய ஸ்கேனர் ஒன்றைச் சொருகி, கூலன்ட் வெப்பத்தை எண்ணாகவே பாருங்கள். ஃபேன் ஓடத் தொடங்கியதும் இறங்கி, மறுபடி ஏறி, அந்த எல்லைக்குள்ளேயே சுற்றிவர வேண்டும்.

ஹீட்டரையும் முழுச் சூட்டில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகும் குளிர்ந்த காற்றே வந்தால் கூலன்ட் குறைவு, காற்றடைப்பு, அல்லது ஹீட்டர் கோர் அடைப்பு. ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் வளைத்து ஒன்றோடொன்று இணைத்திருந்தால் கோர் ஏற்கெனவே ஒழுகியிருக்கிறது. இனிப்பான வாசனையும், முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான மூட்டமும் அதன் அடையாளங்கள்.

எஞ்சினை அணைத்த பின் பத்து நிமிடம் காத்திருந்து அடியில் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமில்லாத வெறும் தண்ணீர். கூலன்ட் நிறத்தோடும் வழவழப்போடும் இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், எத்திலீன் கிளைக்கால் விஷம். முழுக்க ஆறியதும் மூடியைத் திறந்து, மட்டம் குறைந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் இரண்டு சோதனை கேளுங்கள். பிரஷர் டெஸ்டரால் மூடியில் உள்ள எண் அளவுக்கு அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் வைத்தால் முள் இறங்கக் கூடாது. வெளியே ஒழுகலே இல்லாமல் இறங்கினால் ஹீட்டர் கோர் அல்லது கேஸ்கெட். மற்றொன்று, டேங்கின் மேல் நீலத் திரவக் குழாயை வைத்துச் செய்யும் சோதனை. திரவம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கூலன்டில் எரிந்த வாயு கலக்கிறது.

மூடி, ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட் மாற்றுவது சிறு செலவு. அதை விலையில் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். ரேடியேட்டரும் பம்பும் பழுதானால் இரண்டின் முழு விலையையும் கூலியையும் கழித்த பிறகே பேச வேண்டும். ஆயில் கலப்பு, நிற்காத குமிழி, நிறம் மாறிய திரவம் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது, பிளாக்கில் விரிசல் உண்டா என்பது கழற்றிய பிறகுதான் தெரியும்.

இப்படிக்கு,
மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்