முகிலனுக்கு: இன்னொரு போன் செய்

திருநெல்வேலி
ஞாயிறு இரவு

அன்புள்ள முகிலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மத்தியானம் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் இரண்டாம் தடவையும் படிப்பாய்.

உன் பத்திரிகையின் அறிவியல் பக்கம் உன் பொறுப்புக்கு வந்ததை அப்பா இதற்குள் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார். எனக்கும் மனசு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் அதே பேச்சில் நீ கேட்டாயே, "செய்திக்குக் கருத்து கேக்க, விஷயம் தெரிஞ்சவங்க யாருன்னு பாத்தாப் போதாதாம்மா? ஆணா பொண்ணான்னு எதுக்கு எண்ணிக்கிட்டு இருக்கணும்?" என்று, அது என்னைத் தூங்கவிடவில்லை. உன் அம்மா முப்பது வருஷம் அந்த எண்ணுகிற வேலையைத்தான் செய்தாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எட்டு வயசு இருக்கும். பேப்பரை வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, பழைய கணக்கு நோட்டுகளில் ஒட்டுவேன். அறிவியல் செய்தியில் யாராவது பேசியிருந்தால் ஆண் பெயருக்குச் சிவப்புக் கோடு, பெண் பெயருக்கு நீலக் கோடு. பென்சில் சீவித் தருவது உன் வேலை. சிவப்பு கட்டையாகிக் கட்டையாகிப் போய், புதிது வாங்குவோம். நீலம் வாங்கின உயரத்திலேயே நிற்கும். "நீலத்தைச் சீவவே விடமாட்டேங்கிறியே" என்று ஒரு நாள் அழுதாய். அந்த நோட்டுகளில் பாதியை இராமபாணம் தின்றுவிட்டது. மீதி பரணில் இருக்கிறது.

ஏன் எண்ண ஆரம்பித்தேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

காலேஜில் பாடம் நடத்தப் போவதற்கு முன்னால் நான் நிருபராக இருந்தது உனக்குத் தெரியும். 1988-ல் ஓர் ஆய்வகத்துக்குப் போய் ஒரு பெண் விஞ்ஞானியைப் பேட்டி எடுத்தேன். உப்புத் தண்ணீரில் இரும்பு எப்படி அரிக்கிறது என்பதைப் படிப்பவர். இரண்டு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். திரும்பி வந்து நான் எழுதியது என்ன தெரியுமா? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, இட்லி வார்த்து, பிள்ளைகளுக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு ஆய்வகத்துக்கு வரும் அபூர்வப் பெண்மணி. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன், அது நல்ல எழுத்து என்றே நம்பினேன். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு. என் கட்டுரையில் அரிமானத்தைப் பற்றிய இரண்டு வரிகளும் தப்பு என்று சுட்டி, சரியானதை எழுதியிருந்தார். வேறு ஒரு சொல் இல்லை. இட்லியைப் பற்றி அவர் எதுவுமே சொல்லாதது என்னை அதிகமாகச் சுட்டது.

பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது, அது என் ஒருத்தியின் தப்பு இல்லை. 1964-ல் டோரதி ஹாட்ஜ்கினுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. பென்சிலினும் பி-12 வைட்டமினும் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று எக்ஸ் கதிர் கொண்டு கண்டுபிடித்தவர். பிரிட்டன் நாளேடு ஒன்று போட்ட தலைப்பு, ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசிக்கு நோபல் என்பது. அது அந்தக் காலம் என்று சொல்லாதே. 2013-ல் இவான் பிரில் இறந்தார். செயற்கைக்கோள் தன் பாதையை விட்டு நகராமல் பிடித்து வைக்கும் சிறு எஞ்சினை வடிவமைத்த ராக்கெட் பொறியாளர். அமெரிக்காவின் பெரிய நாளேடு ஒன்று அவருடைய இரங்கல் குறிப்பை, அவர் மாட்டிறைச்சி சமைக்கும் கைப்பக்குவத்தில் தொடங்கியது. வாசகர்கள் சத்தம் போட்ட பிறகு முதல் வரியை மாற்றினார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அந்த போஸ்ட் கார்டு ஞாபகம் வந்தது.

அதே வருஷம் கிறிஸ்டி ஆஷ்வாண்டன் என்ற நிருபர், ஆன் ஃபிங்க்பைனர் என்ற மூத்த அறிவியல் எழுத்தாளரின் பெயரால் ஒரு சோதனை வகுத்தார். பெண் விஞ்ஞானியைப் பற்றி எழுதும்போது அவர் பெண் என்பது, கணவரின் வேலை, பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், இந்தத் துறையில் முதல் பெண் என்பது மாதிரி எதையும் சொல்லாமல் எழுத முடிகிறதா என்று பார். என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் இதைக் கொடுத்தேன். ஆனால் முகிலா, அதை அப்படியே எடுத்து நம் பக்கத்தில் வைத்தால் பொருந்தாது. நம் பத்திரிகைகள் இஸ்ரோ தலைவராக இருந்த சிவனையும் விவசாயி மகன் என்றுதான் எழுதின. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலை ரயில்வே ஊழியர் மகன் என்று எழுதின. நம்ம செங்கோட்டை நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநர் ஆனபோது விவசாயி மகள் என்று எழுதியதும் அதே வழக்கம்தான். ஊரையும் அப்பாவையும் சொல்வதில் எனக்குக் குறை இல்லை, அதைப் படித்து எந்தப் பிள்ளையாவது நிமிர்ந்து உட்காரும். அதற்கு அடுத்த பத்தியில் என்ன வருகிறது என்பதைப் பார். ஆணுக்கு அங்கே வேலை வரும். பெண்ணுக்குப் பல நேரம் வீடு வரும்.

பெண் என்பதைச் சொல்லவே கூடாது என்பதும் எனக்கு ஒப்பவில்லை. வானிலை விஞ்ஞானி அன்னா மாணி, சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வை ஆராய்ந்து, 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று சொல்லி டாக்டர் பட்டம் தரவில்லை. அந்த ஆய்வேடு பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. பெண் என்பதால் தான் பாதிக்கப்பட்டதாகச் சொல்ல அவர் கடைசி வரை மறுத்தவர். அதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் வருஷத்தையும் இடத்தையும் நடந்ததையும் எழுதாமல் விட நமக்கு உரிமை இல்லை. "தடைகளைத் தாண்டிய சாதனைப் பெண்மணி" என்று பூ வைத்து மூடிவிட்டால் தடை என்ன என்றே யாருக்கும் தெரியாமல் போகும்.

வளர்மதி விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அரியலூர்க்கார இஸ்ரோ விஞ்ஞானி. 2012 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ரிசாட்-1க்குத் திட்ட இயக்குநர் அவர். மேகம் மூடினாலும் இரவானாலும் பூமியைப் படம் எடுக்கும் ரேடார் செயற்கைக்கோள், உள்நாட்டிலேயே செய்ததில் முதல். அப்துல் கலாம் பெயரில் தமிழக அரசு தரும் விருதை 2015-ல் முதலில் வாங்கியவர். அந்த வேலையை முதல் வரியில் சொன்ன செய்தியை நான் தேடித் தேடித்தான் எடுத்தேன்.

எண்ணுவது சுலபம் என்று நினைக்காதே. இங்கிலீஷ் பேப்பரில் அடுத்த வாக்கியத்திலேயே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். தமிழில் "அவர் கூறினார்" என்று மரியாதை வந்து மூடிக்கொள்ளும். விஞ்ஞானி என்ற சொல்லுக்கும் பால் கிடையாது. பெயருக்கு முன்னால் ஓர் இன்ஷியல், பெயர் வடநாட்டுப் பெயர், அவ்வளவுதான் இருக்கும். அந்தந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, சார் இருக்காரா மேடம் இருக்காங்களா என்று கேட்டுத்தான் எத்தனையோ கோடுகளுக்கு நிறம் கொடுத்தேன். இதில் ஒன்று கற்றுக்கொண்டேன். நம் மொழி மரியாதையாகவே இருக்கிறது. ஆனால் பெண் என்று சொல்லாத இடத்தில் எல்லாம் வாசகர் மனசு ஆணைத்தான் உட்கார வைக்கிறது. மாணவர்களிடம் "ஒரு விஞ்ஞானி கூறினார்" என்று எழுதிப்போட்டு, ஆளை வரையச் சொல்வேன். பெண் பிள்ளைகளே மீசை வரைவார்கள். 1983-ல் டேவிட் சேம்பர்ஸ் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் விஞ்ஞானியை வரைந்தார்கள். அதில் பெண் விஞ்ஞானி 28 படங்களில்தான், அந்த 28-ம் சிறுமிகள் வரைந்தவை. இப்போது நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. அந்த மாற்றத்தில் பத்திரிகைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்பித்தான் இந்த வேலையில் இருந்தேன்.

1995 முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே நாளில் உலகம் முழுக்கச் செய்திகளை எண்ணுகிறார்கள். செய்தியில் வருபவர்களில் பெண்கள் முதல் தடவை 17 சதவீதம். 2020-ல் 25. கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளி. எண்ணாமல் இருந்திருந்தால் நாம் எல்லாரும் பாதிக்குப் பாதி வந்துவிட்டதாகவே பேசிக்கொண்டிருப்போம்.

நான் சறுக்கின இன்னோர் இடமும் உண்டு. 2014 செப்டம்பர் 24, மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்த அன்று, பட்டுச் சேலையும் தலையில் பூவுமாகப் பெண்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொள்ளும் படம் உலகம் முழுக்கப் போனதே. அதை வகுப்புச் சுவரில் ஒட்டி, "பாருங்கடி, விஞ்ஞானிகள் இப்படித்தான் இருப்பார்கள்" என்றேன். முதல் பெஞ்சு மாணவி ஒருத்தி, "இவங்க பேர் என்ன மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று பிறகு இஸ்ரோ விளக்கியது. அந்தத் திட்டத்தில் ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் என்று உண்மையாகவே முக்கியப் பொறுப்பில் பெண்கள் இருந்தார்கள். நாங்கள் அவர்கள் பெயரைக் கேட்கவில்லை, படம் போதும் என்று இருந்துவிட்டோம். நீ அந்தத் தப்பைச் செய்யாதே. பெயர், பதவி, செய்த வேலை, மூன்றும் இல்லாமல் ஒரு படத்தையும் பக்கத்தில் ஏற்றாதே.

இனி பெண் விஞ்ஞானிகளைப் பற்றி நீ சொன்ன இரண்டாவது விஷயம். "கேட்டா வரமாட்டேங்கிறாங்கம்மா." உண்மைதான், மறுக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டு அரை மணி நேரத்தில் கருத்து வேண்டும் என்றால், அந்த நேரம் யாருக்கு ஓய்வு, யாருக்கு அடுத்த ஷிஃப்ட் என்று யோசி. அரசு ஆய்வகமாக இருந்தால் பேச மேலிட அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் "நானே பேசிவிடுகிறேன்" என்று சொல்லும் மேலதிகாரிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதோடு, "இது என் துறை இல்லை, சாரைக் கேளுங்கள்" என்று சொல்வதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதே. தப்பாக மேற்கோள் காட்டினால் ஆய்வகத்தில் கேலிப்பேச்சு கேட்கப்போவது அவர்தான். கேள்வியைக் காலையிலேயே அனுப்பு. எழுதியதில் அவர் சொன்ன பகுதியை வாசித்துக் காட்டு. நான் அந்த அரிமான அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் போஸ்ட் கார்டு வந்திருக்காது.

தகுதி என்றாயே கண்ணா, நீ முதலில் யாரைக் கூப்பிடுகிறாய்? உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன நம்பரை. அவர், அவருக்கு முன்னால் இருந்தவருடையதை. அது தகுதிப் பட்டியல் இல்லை, பழக்கப் பட்டியல். அமெரிக்காவில் எட் யோங் என்ற அறிவியல் நிருபர் தன் கட்டுரைகளைத் தானே எண்ணிப் பார்த்தார். 2016-ல் அவர் மேற்கோள் காட்டியவர்களில் பெண்கள் 24 சதவீதம். அதன் பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கால் மணி நேரம் கூடுதலாகத் தேடினார். சில மாதங்களில் பாதிக்குப் பாதி ஆனது. 2018-ல் அவரே இதை எழுதினார். கால் மணி நேரம், இன்னொரு போன், அவ்வளவுதான் நான் உன்னிடம் கேட்பது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பச்சை அட்டை நோட்டு வைக்கிறேன். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் சேர்த்த பெயர்கள், துறை வாரியாக. பயிர், கடல், மருந்து, வானிலை, கணினி. ஓரத்தில் "மதியம் ரெண்டு மணிக்கு மேல்", "மெயில் மட்டும்", "தமிழில் அழகாக விளக்குவார்" என்றெல்லாம் குறிப்பு இருக்கும். சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்களையும் கூப்பிடு, தங்கள் மாணவிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். பழைய லேண்ட்லைன் எண்களை மாற்றிக்கொள். வானிலைப் பக்கத்தில் மூன்றாவதாக இருப்பவருக்குக் காது கொஞ்சம் மந்தம், நிதானமாகப் பேசு. என்னுடைய பையன் என்று சொல்லாமலே பேசு, உன் பத்திரிகை பெயரைச் சொன்னால் போதும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பொங்கலுக்கு லீவு சொல்லிவிட்டாயா?

அன்புடன்,
அம்மா