மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் வீடு

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன்.

போன கோடையில், பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் மகளிடம், "எந்தப் பள்ளிக்கூடம் கண்ணு?" என்று கேட்டார். "செவ்வா, புதன், வியாழன் தோப்பு வகுப்பு. திங்களும் வெள்ளியும் வீட்டுல படிக்கிறேன்" என்றாள் அவள். ஆசிரியை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதை நான் என்னன்னு எழுதட்டும்ங்க?" அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

எங்கள் தோப்பு வகுப்பில் பதினான்கு குழந்தைகள். ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரும் பெற்றோர்களில் மூன்று பேரும் சொல்லித் தருகிறோம். முதலில் ஒரு வருடம் மகளை முழுக்க வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். ஆனால் சண்டை போட ஆளில்லை, சமாதானமாக ஆளில்லை. ஒரு கணக்கை இன்னொருத்தி வேறு வழியில் போடுவதைப் பார்க்கவும் வாய்ப்பில்லை. அது தப்பு என்று எனக்குப் புரிய அந்த ஒரு வருடம் ஆனது. அதனால்தான் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தோம். பரிசோதனை, விவாதம், விளையாட்டு எல்லாம் கூடியிருக்கும் நாட்களில். நிதானமாகப் படிப்பதும் எழுதுவதும், சந்தைக்குப் போய்க் கணக்குப் பார்ப்பதும் வீட்டு நாட்களில்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் 1,000 மணி நேரமும் கேட்கிறது. எங்கள் கணக்கைச் சொல்கிறேன். சின்னவர்களுக்குத் தோப்பில் நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரம் மூன்று நாள், வருடத்துக்கு நாற்பது வாரம்: 600 மணி. வீட்டில் இரண்டு நாள், மூன்று மூன்று மணி நேரம்: 240. கூட்டினால் 840. பெரியவர்களுக்கு இரண்டு இடத்திலும் தினம் ஒரு மணி நேரம் கூடுதல், அது 1,040. பெரியவர்களுக்கு நாட்களில் இருபது குறைகிறது, மணி நேரத்தில் யாருக்கும் குறையில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நடப்பது தோப்பில், மீதி வீட்டில். சட்டத்தின் கண்ணில் இரண்டுமே பள்ளி இல்லை. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம்.

அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. தீப்பெட்டி ஒட்டவும் பட்டாசு சுற்றவும் குழந்தைகள் போன மாநிலம் இது. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவை வீட்டில் நிறுத்திய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன. "வீட்டில் படிக்கிறாள்" என்று யார் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். வந்து பாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கையே.

பணம் கேட்கவில்லை, முழுப் பள்ளி என்ற அங்கீகாரமும் கேட்கவில்லை. இருபது குழந்தைகளுக்கு மேல் போகாத இத்தகைய பகுதிநேரக் கற்றல் மையங்களுக்கென்று பதிவு முறை ஒன்று வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் நாங்கள் பதிந்துகொள்கிறோம். உங்கள் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தருகிற அடையாள எண்ணான எமிஸ் எண்ணைக் குழந்தைக்குக் கொடுங்கள். பருவத்துக்கு ஒரு முறை யாராவது வந்து நோட்டைப் புரட்டி, குழந்தையிடம் தனியாகப் பேசட்டும். படிக்கவில்லை என்று தெரிந்தால் பக்கத்து அரசுப் பள்ளியில், சட்டம் சொல்கிறபடி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிடுங்கள். நாங்களே கூட்டிக்கொண்டு வருகிறோம்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது ஆனால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆக, கடைசி வாசல் திறந்துதான் இருக்கிறது. அதுவரைக்குமான எட்டு வருடத்துக்குத்தான் குழந்தைக்கு ஒரு பெயரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவு இல்லாத வரை இந்த முறை வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே ஆகும். அவர்களுக்குச் சிக்கல் வந்தால் வக்கீல் இருக்கிறார், நகரத்தில் வேறு பள்ளி இருக்கிறது. எங்கள் பதினான்கு பேரில் தென்னை ஏறுகிறவரின் பையனும் இருக்கிறான், தமிழில்தான் படிக்கிறான். போன மாதம் அவன் அப்பா என்னிடம் வந்து, "டீசி கேட்டா என்னங்க பண்றது?" என்றார். அவருக்குத் தைரியம் சொல்ல என் வாய்வார்த்தை போதாது, உங்கள் முத்திரை உள்ள ஒரு தாள் வேண்டும்.

செவ்வாய், புதன், வியாழன் காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறோம். முன்கூட்டிச் சொல்லாமலே வாருங்கள். வெள்ளிக்கிழமை வந்தால் என் மகள் வீட்டில் இருப்பாள், அவளுடைய நோட்டுகளை அவளே எடுத்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
தோப்பு வகுப்புக் குழந்தைகளின் பெற்றோரில் ஒருத்தி