கொழுத்த பூனையைப் பட்டினி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு, ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எங்கள் தளத்தில் மட்டும் நான்கு வீடுகளில் பூனை வளர்க்கிறார்கள். கீழே இறங்க வழியில்லாமல் உண்டு உறங்கியே உடல் பெருத்த பூனைகள் அவற்றில் உண்டு. சென்ற மாதம் அண்டை வீட்டார் ஒருவர், "மூன்று நாள் சாப்பாடு போடாமல் விட்டால் தானாக இளைத்துவிடும்" என்று சொன்னபோது நான் பதறிப்போனேன். ஏறக்குறைய அதே தவற்றைச் செய்து எங்கள் முத்துவை இழக்கும் நிலைக்குப் போனவள் நான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முத்து, கருத்தடை செய்யப்பட்ட ஏழு வயது ஆண் பூனை. வாலுக்கு மேலே முதுகு ரோமம் சிக்குப் பிடிப்பதைப் பார்த்துத் தோல் நோய் என்று நினைத்துத்தான் மருத்துவரிடம் கொண்டு போனோம். உடல் பருத்ததால் தன் முதுகை நக்கிச் சுத்தம் செய்ய அதற்கு எட்டவில்லை என்று அவர் சொன்னார். எடை 7.2 கிலோ, விலா எலும்புகளை விரலால் அழுத்தித் தேட வேண்டியிருந்தது. எடை குறைப்பதற்கான உணவை வாங்கி வந்து, பழைய உணவை அன்றே நிறுத்தினேன். முத்து அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பசித்தால் தின்னும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மூலையில் சுருண்டு கிடந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அன்று மருத்துவர் விளக்கியதை ஒவ்வொரு பூனை வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். உணவு கிடைக்காத பூனையின் உடல், சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது; ஆனால் அவ்வளவு கொழுப்பையும் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லாததால், அது அங்கேயே படிந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்கிறது. கண்ணும் ஈறும் மஞ்சளாகி உயிரே போகலாம். மெலிந்த பூனையைவிடக் கொழுத்த பூனைக்கே இந்த ஆபத்து அதிகம். ஆகவே, ஒரு முழு நாள் எதுவும் தின்னாத பூனையை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். புதிய உணவைப் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும்.

பிறகு நாங்கள் செய்தது மிக எளிமையானது: சமையலறைத் தராசில் உணவை நிறுத்துக் கொடுத்தோம். அதற்கு முன் பொட்டலத்திலுள்ள அட்டவணையில் 7 கிலோவுக்கு உரிய அளவைப் பார்த்து, அதையும் குவளையால் குத்துமதிப்பாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். பூனை எந்த எடைக்கு வர வேண்டுமோ அந்த எடைக்குத்தான் கணக்கிட வேண்டும். முத்துவுக்கு 5 கிலோ இலக்கு என்பதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 190 கலோரி என்று மருத்துவர் வரையறுத்தார். உலர் உணவில் 30 கிராமும், 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட் ஒன்றும் சேர்ந்தால் அந்தக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் குறைந்த கலோரியிலேயே வயிறு நிறைகிறது. நம் வெயிலில் அது விரைவில் கெட்டுவிடும் என்பதால் நான்கு வேளையாகப் பிரித்து வைக்கிறோம்.

தராசைவிடக் கடினமாக இருந்தது வீட்டாரின் மனம். என் மாமியார் நெத்திலி கொடுப்பார். மகன் இரவில் ஒரு கை உலர் உணவு போடுவான். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அன்பினால் செய்வதைத் தடுக்க எனக்கும் மனம் வரவில்லை. கடைசியில், அன்றைய உணவு முழுவதையும் காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தோம். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். உப்பு மிகுந்த நெத்திலிக்குப் பதில், உப்பில்லாமல் வேகவைத்த கெம்போங் மீனில் ஒரு சிறு துண்டை மாமியார் தம் கையால் ஊட்டுகிறார். அதுவும் அன்றைய கணக்கில் சேரும். விடியற்காலையிலும் இரவிலும் பத்து நிமிடம் கயிற்றை இழுத்து முத்துவை ஓடவிடுகிறோம்.

வாரத்திற்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் குறைய வேண்டியதில்லை என்றார் மருத்துவர். முத்துவைப் பொறுத்தவரை அது 70 கிராம். சில வாரங்களில் முள் அசையாததைக் கண்டு சோர்ந்துபோனோம். பத்து மாதம் கழித்து இப்போது 5.3 கிலோவில் நிற்கிறது. சோபாவின் மேல் தாவுகிறது, முதுகைத் தானே நக்கிக்கொள்கிறது. நீரிழிவும் மூட்டு வலியும் பருத்த பூனைகளை எளிதில் பற்றும் என்பதால் இந்தப் பத்து மாத உழைப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பூனை உணவுப் பொட்டலங்களில் தமிழ் விளக்கம் கிடைப்பது அரிது. தமிழ் மட்டுமே வாசிக்கும் என் மாமியார் போன்ற முதியவர்கள்தான் பல வீடுகளில் பூனைக்குச் சோறு வைக்கிறார்கள். எனவே, தங்கள் ஞாயிறு பதிப்பில் மாதம் ஒரு முறையேனும் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கொண்டு வீட்டு விலங்குகளின் உணவு பற்றி எழுதச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு