பி.எச். குறைக்கும் உங்கள் திரவத்தால் என் மீன்கள் செத்தது குறித்து – நான்காவது கடிதம்

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் கொடுத்தேன். புகார் எண் உங்களிடமே இருக்கிறது, தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

எந்த பாட்டில் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் தயாரிப்பதுதானே. 10 லிட்டருக்கு 1 மில்லி, வேண்டிய அளவு வரும்வரை தினமும் ஊற்றலாம் என்று லேபிளில் போட்டிருக்கிறீர்கள். என் தொட்டி 100 லிட்டர், உள்ளே 14 நியான் டெட்ரா மீன்கள். ராத்திரி 10 மில்லி ஊற்றினால் பி.எச். (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 7-க்கு இறங்கும். காலையில் உங்கள் சோதனைக் கிட்டில் பார்த்தால் பழையபடி நீலம், அதாவது பி.எச். மறுபடி ஏறியிருக்கும். ஆறு நாள் இதே கதை. ஏழாம் நாள் காலை சோதனைக் குழாயில் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக நின்றது. கிட்டோடு வரும் உங்கள் நிற அட்டையில் கடைசி நிறம் 6. அதற்கும் கீழே எவ்வளவு போயிருந்தது என்று உங்கள் கிட்டை வைத்துச் சொல்லவே முடியாது.

காரணத்தை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் (அதன் அளவைத்தான் கேஹெச் என்கிறார்கள்) ஊற்றுகிற அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். அது இருக்கும்வரை பி.எச். திரும்பத் திரும்ப ஏறும். அது தீர்ந்த அன்று ஒரே சரிவு. "முதலில் கேஹெச் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் இந்த பாட்டிலைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஆர்.ஓ. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மெதுவாகக் குறைத்திருப்பேன்.

சோதனைக்குத் தொட்டித் தண்ணீரின் மாதிரியைக் கொண்டு வரச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். அரை நாள் விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறி, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். "இங்க டெஸ்ட் எல்லாம் பண்றது இல்ல, மெயில் போடுங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். வரச் சொன்னதே உங்கள் ஆட்கள்தான்!

ஆனால் என்னால் மறக்க முடியாதது உங்கள் உதவி எண்ணில் பேசியவர். அன்று காலை மூன்று மீன் செத்துக் கிடந்தன. நாற்பது நிமிடம் காத்திருந்து கேட்டதற்கு, "பாதித் தண்ணிய உடனே மாத்துங்க" என்றார். மாற்றினேன். பி.எச். 6-க்குக் கீழே போனால் ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா சோர்ந்து, அம்மோனியா சேர ஆரம்பிக்கும். அமிலத் தண்ணீரில் அது பெரிய கெடுதல் செய்யாத அம்மோனியமாக இருக்கும். மேலே காரத் தண்ணீரைக் கொட்டினால் அதுவே விஷ அம்மோனியாவாக மாறிவிடும். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாதா? சாயங்காலம் மீதி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ராத்திரிக்குள் ஒன்று தவிர எல்லாம் போய்விட்டன. மறுபடி அழைத்தேன். அதே ஆள். "மீன்தானே சார், செத்தா வேற வாங்கி விடுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தவை, ஐயா. அந்தத் தொட்டியோடு என் வீட்டு நிம்மதியே போய்விட்டது. இந்த இழப்பை எந்தப் பணத்தாலும் ஈடுகட்ட முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லேபிளை மாற்றுங்கள். அப்படிப் பேசியவர் என்னை அழைத்து மன்னிப்புக் கேட்கட்டும். பாட்டிலுக்கும் மீன்களுக்கும் ஆன பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். 15 நாளுக்குள் பொறுப்பான ஒருவர் பேசவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், நாலு கடிதமும் கையில் இருக்கிறது. அங்கே போகிற நிலைமைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. சோதனைக்குக் கேட்டால் அனுப்புகிறேன், நேரில் மட்டும் வரச் சொல்லாதீர்கள்.