பாப்பாவுக்கு, கம்பி அளவு கேட்டு

கம்பம்
ஆவணி 3

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

தம்பி போனில் அந்தப் படத்தைக் காட்டினான். இமயமலைப் பக்கம் ஸ்பிதிக்குக் கொண்டுபோகிற சாமானை எல்லாம் ஹாலில் போர்வை விரித்துப் பரப்பி எடுத்திருக்கிறாயே, அது. தம்பிக்கு அனுப்பத் தெரிந்த உனக்கு எனக்கு அனுப்பத் தோன்றவில்லை. இருக்கட்டும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைக்கு வந்த பால்கார அண்ணனிடமும் காட்டினேன். "சிம்லாவில் ஆரம்பித்து கின்னௌர் வழியாக ஸ்பிதியின் காஸா ஊருக்குப் போய், குன்சும் கணவாய் தாண்டி மணாலியில் இறங்குகிறாள், சைக்கிளிலேயே" என்றேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கேரியரே இல்லையே, எதில் கட்டும் பாப்பா?" என்று கேட்டார்.

எனக்கும் முதலில் அதே சந்தேகம்தான். அவர் வண்டிக்கு இரண்டு பக்கமும் 20 லிட்டர் கேன் தொங்குகிற மாதிரி கேரியர் போட்டுக் கொடுத்தவன் நான். ஆனால் யோசித்தால், அவர் ஓட்டுவது தார் ரோடு. கல்லும் குழியுமான பாதையில் நாள் முழுக்கக் குலுங்கினால் கேரியரின் போல்ட் முதலில் தளரும், அப்புறம் கழுத்தோடு முறியும். பக்கவாட்டுப் பைகள் பாறையில் இடிக்கும். அதனால் ஹேண்டில் பாரில் ஒரு சுருட்டு, பிரேமின் முக்கோணத்துக்குள் ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் ஒரு பை என்று வாரால் இறுக்கிக் கட்டுவது சரிதான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சீட்டுப் பையில் கனமானதை வைத்திருக்கிறாய். படத்தில் டூல்ஸ் அதற்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. வைக்காதே. ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது அது மாட்டு வால் மாதிரி ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன் தெம்பு போகும். அங்கே துணிமணி மட்டும். டூல்ஸ், பருப்பு, தண்ணீர் எல்லாம் பிரேம் பையில், எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே. வார் உரசுகிற இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்று, பெயின்ட் போகாது. போர்க்கின் இரண்டு பக்கமும் மாட்டியிருக்கிற கூண்டுகளுக்கு மூன்று மூன்று போல்ட் இருக்கும். தினமும் காலையில் எல்-கீ போட்டுப் பார். முன் சக்கரத்துக்குள் பை விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் ஷூ இரண்டு ஜோடி போதும். டிரெய்லரைத் தாங்குகிற ஹேங்கர் என்று ஒரு சின்னத் துண்டு உண்டே, தம்பி டிரெய்லர் என்று சொன்னான், டிரெய்லர் இல்லை, டிரெய்லியர், ஏதோ ஒன்று, கியரைத் தள்ளுகிற அது. அந்தத் துண்டு ஒவ்வொரு பிரேமுக்கும் ஒவ்வொரு மாதிரி. உன் வண்டிக்கு உரியதை இங்கிருந்தே கொண்டுபோ, காஸாவில் கிடைக்காது. டயருக்குள் திரவம் ஊற்றியிருப்பதால் முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். சைடில் கல் கிழித்தால் அடைக்காது. ஒரு டியூப், ஒரு கோணி ஊசி, நைலான் நூல், பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு. தைத்து, உள்ளே துண்டை வைத்து, டியூபைப் போட்டு ஓட்டு. சின்ன வயதில் உனக்குச் செருப்பு தைக்கக் காட்டிக் கொடுத்தேனே, அதே தையல்தான்.

அடுப்பு விஷயம். கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், ரயிலிலும் கூடாது. அங்கே போய் வாங்கிக்கொள். 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவே வேகாது, கேஸ்தான் தீரும். அம்மா பருப்புப் பொடியும் அவலும் கட்டி வைத்திருக்கிறாள். ஒரு கிலோவுக்கு மேல் எடுக்காதே என்றேன். இரண்டு கிலோ கட்டிவிட்டாள். பாதியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடு, அம்மாவிடம் சொல்லாதே.

எவ்வளவு குளிர் தாங்கும் என்று தூங்கும் பையில் எழுதியிருக்கிற எண்ணை அப்படியே நம்பாதே. மூன்று எண் போட்டிருப்பான். கடைசி எண் உயிரோடு இருப்பதற்கு, தூங்குவதற்கு இல்லை. முதல் எண்ணைப் பார். செப்டம்பர் கடைசியில் லோசர் பக்கம் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகுமாம். அடியில் போடுகிற பாயும் அதே அளவு முக்கியம், குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

பாய் என்றதும் நினைவு வந்தது. கூடாரம் இரண்டு பேருக்கானது, உறை மேலேயே 2 என்று போட்டிருக்கிறது. பாய் ஒன்றுதான் இருந்தது. ஸ்பூன் ஒன்று. அந்த நீலக் குவளை படத்தில் இல்லை.

போன வருடம் மேகமலைக்கு நீங்கள் இரண்டு பேரும் ஏறி வந்தபோது பம்பும் டூல்ஸும் மாப்பிள்ளை வண்டியில் இருந்தன, மருந்துப் பை உன் வண்டியில். கடை வாசலில் நிறுத்தி நானே தூக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒரே கனம். இந்த முறை எல்லாமே ஒரே வண்டியில் போகிறது போலத் தெரிகிறது. கேட்கவில்லை, சொல்கிறேன்.

படால் தாண்டி கிராம்ஃபு வரைக்கும் ரோடு என்று ஒன்று இல்லை, கல்தான் என்கிறார்கள். ஓடைகள் குறுக்கே வரும். வெயில் ஏற ஏறப் பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் பெருகும். காலையிலேயே கடந்துவிடு. ஆள் இல்லாத இடத்தில் தனியாகத் தண்ணீரில் இறங்காதே. ஜீப்போ லாரியோ வரும்வரை உட்கார்ந்திரு. மணாலி வழியாக நேரே ஏறாமல் சிம்லா பக்கமாகப் போவது நல்ல யோசனை. கல்பா, நாகோ என்று உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். தலைவலி வந்தால் அன்றைக்கு மேலே ஏறாதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான். காலையிலேயே கட. தனியாகத் தண்ணீரில் இறங்காதே.

வைகாசியில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு நீ போன் பண்ணினாய். "தூங்கிட்டீங்களாப்பா?" என்றாய். இல்லை என்றேன். அங்கே மழை என்றாய். அப்புறம் "எங்களுக்குள்ள கொஞ்ச நாளா..." என்று ஆரம்பித்தாய். மழையில் ஓட்டினால் செயினைத் துடைத்துவிட்டுத்தான் எண்ணெய் விட வேண்டும், ஈரத்தின் மேல் விடக் கூடாது என்றேன். துணி எப்படிப் பிடிக்க வேண்டும், எத்தனை சொட்டு விட வேண்டும் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய்.

எனக்குப் புரியாமல் இல்லை பாப்பா. நீ வாயைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தினமும் கடை வழியாகத்தான் போகிறார்கள். அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னை அல்ல, அவர்களை. போனை வைத்ததும் ஒரு பின் சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிக் கோட்டம் எடுக்க உட்கார்ந்தேன். ஒன்றரை மணி வரைக்கும் கோட்டம் போகவில்லை. ஏற்கெனவே நேராக இருந்த சக்கரம் அது, நான்தான் திருகித் திருகிக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து விளக்கை அணைத்தாள். என்ன என்று கேட்கவில்லை. உன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவையும் இப்படித்தான் நடந்தது, அது உனக்கும் தெரியும். அப்போதும் நான் வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

இந்தக் கடிதத்திலும் எவ்வளவு தூரம் போல்ட்டைப் பற்றி எழுதிவிட்டேன் பார்.

கூடாரத்தை மாற்றிவிடு, ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் கூடாரம் எதற்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், அதையே கொண்டுபோ. மழை வந்தால் பையை எல்லாம் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம் ஊர்க் கருப்பு சைக்கிளில் முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. பாரம் பின்னால் ஏறும் என்று தெரிந்து செய்தவன் வைத்தது. உன் வண்டியில் பின்னாலும் 32தான், எண்ணிப் பார்த்தேன். கம்பி போனால் மாற்றுக் கம்பி வேண்டும். நாலு கம்பி கொண்டுபோனால் போதும், பிரேமோடு சேர்த்து டேப் சுற்றிவிடலாம். ஆனால் பல்சக்கரம் இருக்கிற பக்கம் ஒரு நீளம், மறுபக்கம் வேறு நீளம். இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் உதவாது. மாட்டியிருக்கும்போது ஸ்கேல் வைத்து அளந்தால் கம்பியின் முனையை ரிம்மில் பிடிக்கிற நிப்பிளுக்குள் இருப்பது தெரியாது. பக்கத்துக்கு ஒரு கம்பியைக் கழற்றித்தான் அளக்க வேண்டும், நிப்பிள் ரிம்முக்குள் விழுந்துவிடாமல் பிடிக்கத் தெரிய வேண்டும். எழுதிப் புரியவைக்க முடியாது. போனைப் பக்கத்தில் சத்தமாக வைத்துக்கொள், நான் சொல்லச் சொல்லச் செய்.

ஒன்பது மணிக்கு மேல் கடையை அடைத்துவிடுவேன். பதினோரு மணி ஆனாலும் சரி. செயினைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா படத்தைப் பார்த்தாள். குவளையை அவளும் கவனித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவலை இன்னும் ஒரு கிலோ கூட்டிவிட்டாள்.